சிபாரிசில் வளர்ந்தவர் சிபாரிசுக்குக் கடிவாளம் போட்ட கதை: செஸ்டர் ஆர்தர்

கேள்வி இது: அமெரிக்காவில் அரசு வேலைக்குப் போட்டித் தேர்வைக் கொண்டுவந்த சட்டத்தில் கையெழுத்திட்டவர் 21ஆவது அதிபர் செஸ்டர் ஆர்தர். ஆனால் அவரே சிபாரிசில் பதவிக்கு வந்தவர், சிபாரிசு கொடுத்தே கட்சியை வளர்த்தவர். அவரைச் சீர்திருத்தவாதி என்று சொல்வது சரியா?

கெட்டவர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் நல்லவராகிவிட்டார் என்றுதான் இந்தக் கதையை வழக்கமாகச் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதில் பாதிதான் உண்மை. அந்தச் சட்டம் வந்ததற்கு ஒரு கொலையும், ஒரு தேர்தல் தோல்வியும், ஆளுங்கட்சியின் சுயநலமும் காரணம். ஆர்தரின் பங்கு அதற்கு அடுத்தபடியாகத்தான் வருகிறது. ஆனால் அந்தப் பங்கு சின்னதில்லை.

முதலில் அந்தக் காலத்து நிலைமை. 1829இல் ஆண்ட்ரூ ஜாக்சன் அதிபரானதிலிருந்து, ஜெயித்த கட்சிக்கே அரசு வேலை என்பது எழுதாத விதியாகிவிட்டது. ஆட்சி மாறினால் ஊர் போஸ்ட்மாஸ்டர் வரை மாறுவார். வேலை வாங்கிக் கொடுத்த கட்சிக்குச் சம்பளத்தில் ஒரு பங்கைத் தேர்தல் நிதியாகக் கட்ட வேண்டும். "விருப்ப நன்கொடை" என்று பெயர். விருப்பம் இல்லாதவர் வேலையில் நீடிக்க மாட்டார். புதிய அதிபர் பதவியேற்றதும் வேலை கேட்டு வருகிறவர்கள் வெள்ளை மாளிகை வாசலில் வரிசை கட்டி நிற்பார்கள். ஒவ்வொருவரையும் அதிபரே பார்த்துப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆர்தர் 1829 அக்டோபர் 5 அன்று வெர்மான்ட் மாநிலத்தில் ஃபேர்ஃபீல்டு என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா அயர்லாந்திலிருந்து வந்த பாப்டிஸ்ட் பாதிரியார். அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்துப் பிரசங்கம் செய்தவர். மகன் யூனியன் கல்லூரியில் படித்து, கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியராக இருந்து, 1854இல் நியூயார்க்கில் வழக்கறிஞரானார். அந்த இளம் வக்கீலைத் தெரிந்துகொள்ளாமல் பிற்கால ஆர்தரைப் புரிந்துகொள்ள முடியாது.

1854 ஜூலையில் எலிசபெத் ஜென்னிங்ஸ் என்ற கறுப்பினப் பள்ளி ஆசிரியை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகக் குதிரை டிராமில் ஏறினார். நடத்துநரும் போலீஸ்காரரும் சேர்ந்து அவரை வலுக்கட்டாயமாக இறக்கிவிட்டார்கள். அவருக்காக டிராம் கம்பெனி மீது தொடுத்த வழக்கை நடத்தியவர் ஆர்தர். அப்போது அவருக்கு வயது 25. 1855இல் தீர்ப்பு ஜென்னிங்ஸுக்குச் சாதகமாக வந்தது. 225 டாலர் இழப்பீடு. நியூயார்க் டிராம்களில் நிறப் பாகுபாடு ஒழிவதற்கு முதல் பெரிய அடி அதுதான். ரோசா பார்க்ஸ் பேருந்தில் எழுந்து இடம் தர மறுத்தது இதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து.

இப்படித் தொடங்கியவர் எப்படிக் கட்சித் தரகர் ஆனார்? உள்நாட்டுப் போர்தான் திருப்பம். நியூயார்க் மாநிலப் படைகளுக்கு உடை, உணவு, கூடாரம், ஆயுதம் எல்லாம் ஏற்பாடு செய்யும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அதை நேர்மையாகவும் திறமையாகவும் செய்தார். ஆளை வைத்து வேலை வாங்கும் கலை அவருக்கு இயல்பாகவே வந்தது. அப்புறம் ரோஸ்கோ காங்க்லிங் என்ற செனட்டரின் வலது கையானார். நியூயார்க் குடியரசுக் கட்சியில் காங்க்லிங் வைத்ததுதான் சட்டம். உயர்ந்த உருவம், மேடைப் பேச்சில் நெருப்பு, எதிரியை மன்னிக்கவே மாட்டார். ஆர்தர் நேர்மாறு. நல்ல சாப்பாடு, நல்ல உடை, நடுநிசி தாண்டியும் சுருட்டுப் புகைத்தபடி பேச்சு, எல்லாரிடமும் இனிய முகம்.

1871இல் அதிபர் கிராண்ட் அவரை நியூயார்க் துறைமுகச் சுங்க அலுவலகத்தின் தலைவராக்கினார். இது எவ்வளவு பெரிய பதவி என்பது இன்று நமக்குச் சட்டென்று பிடிபடாது. போர்க்கால வருமான வரி 1872இல் காலாவதியாகிவிட்டது. மத்திய அரசுக்கு வந்த பணத்தில் பெரும்பகுதி சுங்க வரி. நாட்டின் சுங்க வரியில் ஏறத்தாழ முக்கால்வாசி வசூலானது இந்த ஒரே அலுவலகத்தில். அங்கே ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு வேலை. ஆயிரம் வேலை என்றால் ஆயிரம் கட்சிக்காரர்கள், ஆயிரம் சம்பளத்திலிருந்து கட்சி நிதி. தவிர, பிடிபடும் இறக்குமதி முறைகேடுகளுக்கு விதிக்கும் அபராதத்தில் அதிகாரிகளுக்குச் சட்டப்படியே பங்கு உண்டு. அந்தப் பங்கோடு சேர்த்து ஆர்தரின் வருமானம் ஆண்டுக்கு 50,000 டாலர் அளவுக்குப் போனது. நாட்டின் அதிபருக்கே அவ்வளவுதான் சம்பளம். பெல்ப்ஸ் டாட்ஜ் என்ற பெரிய வணிக நிறுவனத்தை மிரட்டி இரண்டே முக்கால் லட்சம் டாலர் அளவுக்கு அபராதம் வாங்கியதில் ஊர் கொதித்து, 1874இல் அந்தப் பங்கு முறையை நாடாளுமன்றம் ஒழித்தது.

ஆர்தர் லஞ்சம் வாங்கினார் என்று யாரும் நிரூபித்ததில்லை. அவர் செய்ததெல்லாம் அன்றைய சட்டத்துக்கு உட்பட்டதுதான். என்னைக் கேட்டால், அந்த அமைப்பின் விஷமே அதில்தான் இருக்கிறது. திருடாதவர் ஒருவர் மேலே உட்கார்ந்திருந்தும் அலுவலகம் முழுக்கக் கட்சி வேலை நடந்தது.

அடுத்த அதிபர் ஹேய்ஸ் சீர்திருத்தம் பேசியவர். 1877இல் ஜான் ஜே தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். தேவைக்கு மேல் ஆட்கள் இருப்பதாகவும் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கலாம் என்றும் குழு சொன்னது. ஆர்தரை நீக்கிவிட்டுத் தியடோர் ரூஸ்வெல்ட் என்ற வணிகரை நியமிக்க ஹேய்ஸ் முயன்றார். பிற்காலத்தில் அதிபரான தியடோர் ரூஸ்வெல்ட்டின் அப்பா இவர். செனட்டில் காங்க்லிங் அதைத் தோற்கடித்தார். கடைசியில் 1878 ஜூலையில், செனட் கூடாத நேரம் பார்த்து, ஹேய்ஸ் ஆர்தரை வெளியேற்றினார். ஆக, சீர்திருத்தத்தின் பெயரால் வேலை இழந்தவர் ஆர்தர். பின்னால் நடந்ததைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

1880இல் சிகாகோவில் கூடிய கட்சி மாநாடு 36 சுற்று வாக்கெடுப்புக்குப் பிறகு ஜேம்ஸ் கார்ஃபீல்டை வேட்பாளராக்கியது. காங்க்லிங் கோஷ்டியின் ஆள் கிராண்ட் தோற்றுப் போனார். அந்தக் கோஷ்டியைச் சமாதானப்படுத்தத் துணை அதிபர் பதவி ஆர்தருக்கு வந்தது. தூக்கி எறி என்றார் காங்க்லிங். ஆர்தர் முதல்முறையாகத் தலைவர் பேச்சை மீறினார். கனவிலும் எதிர்பாராத கௌரவம், விட மாட்டேன் என்றார். அதுவரை அவர் மக்கள் ஓட்டுக்கு நின்றதே கிடையாது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் மனைவி எலன் நிமோனியாவில் இறந்திருந்தார்.

தலைவர் பேச்சை மீறினாரே தவிர கோஷ்டியை விடவில்லை. 1881இல் கார்ஃபீல்டு தன் விருப்பப்படி நியூயார்க் சுங்கப் பதவிக்கு வில்லியம் ராபர்ட்சனை நியமித்தபோது, காங்க்லிங் கோபத்தில் செனட் பதவியை ராஜினாமா செய்துவிட்டு, மாநிலச் சட்டமன்றம் மறுபடி தன்னைத் தேர்ந்தெடுக்கும் என்று காத்திருந்தார். அவருக்காக ஆல்பனி நகரம் போய் ஓட்டுச் சேகரித்தவர் யார் தெரியுமா? நாட்டின் துணை அதிபர். சொந்த அதிபருக்கு எதிராக!

இந்த நிலையில்தான் 1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் கார்ஃபீல்டு சுடப்பட்டார். சுட்டவர் சார்லஸ் கிட்டோ. தேர்தலில் தான் உழைத்ததற்குக் கூலியாகப் பாரிஸ் தூதரகப் பதவி கேட்டு அலைந்து, கிடைக்காமல் போனவர், மனநிலையும் சரியில்லாதவர். பிடிபட்டதும் தான் காங்க்லிங் கோஷ்டியைச் சேர்ந்தவன் என்றும், ஆர்தர்தான் இனி அதிபர் என்றும் சொன்னார். இதைவிட மோசமான அறிமுகம் எந்த அதிபருக்கும் அமைந்திருக்காது. கொலையில் ஆர்தருக்குச் சம்பந்தம் உண்டோ என்று சந்தேகிக்கிற அளவுக்குப் போனது பேச்சு. கார்ஃபீல்டு உடனே இறக்கவில்லை. கழுவாத விரலை மருத்துவர்கள் காயத்துக்குள் விட்டுக் குண்டைத் தேடித் தேடியே சீழ் பிடிக்க வைத்தார்கள். இரண்டரை மாதம் படுத்த படுக்கை. அதிபர் உயிரோடு இருக்கிறார், ஆனால் ஆள முடியாது என்றால் என்ன செய்வது என்பது அரசியல் சட்டத்தில் தெளிவாக இல்லை. ஆர்தர் பொறுப்பை ஏற்க மறுத்து நியூயார்க்கிலேயே ஒதுங்கியிருந்தார். அவர் எடுத்த மிகச் சரியான முடிவுகளில் அது ஒன்று.

செப்டம்பர் 19 இரவு கார்ஃபீல்டு இறந்தார். லெக்சிங்டன் அவென்யூ 123ஆம் எண் வீட்டில், நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு மேல், ஆர்தர் பதவியேற்றார். (அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இன்று இருப்பது இந்திய மசாலாவும் பருப்பும் விற்கும் கலுஸ்டியன்ஸ் கடை. தோசைக் கடைகளும் உள்ள அந்தப் பகுதிக்குக் 'கரி ஹில்' என்றே செல்லப் பெயர். அங்கே சாமான் வாங்கும் நம்மவர்களில் வாசலில் உள்ள பலகையைப் படித்தவர்கள் குறைவு என்று நினைக்கிறேன்.) அன்றைக்குத் துணை அதிபர் இல்லை, செனட்டுக்குத் தற்காலிகத் தலைவர் இல்லை, கீழவைக்குச் சபாநாயகரும் தேர்வாகவில்லை. ஆர்தருக்கு வழியில் ஏதாவது ஆகிவிட்டால் அடுத்து யார் என்றே தெரியாது. எனவே செனட்டை அவசரமாகக் கூட்டும் உத்தரவை எழுதி, வெள்ளை மாளிகை முகவரிக்குத் தபாலில் போட்டுவிட்டுத்தான் ரயில் ஏறினார்.

இதற்குச் சில வாரங்கள் முன்பு, ஆகஸ்ட் 27 தேதியிட்டு, அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. எழுதியவர் ஜூலியா சாண்ட், நியூயார்க்கைச் சேர்ந்த 31 வயதுப் பெண். உடல்நலமில்லாமல் பெரும்பாலும் வீட்டோடு இருந்தவர். ஆர்தரைப் பார்த்ததுகூட இல்லை. கார்ஃபீல்டு சாகப்போகிறாரே என்பதைவிட அடுத்து வரப்போவது நீங்கள் என்பதுதான் மக்களை அதிகம் வாட்டுகிறது, அது உங்களுக்குத் தெரிகிறதா என்று முகத்துக்கு நேராகக் கேட்டிருந்தார். உங்களிடம் நல்லது ஏதாவது இருந்தால் அதை வெளிக்காட்ட இதுவே நேரம், திருந்துங்கள் என்றும் எழுதியிருந்தார். அதோடு நிற்காமல் 1883 வரை 23 கடிதங்கள் எழுதினார். பாராட்டும் உண்டு, திட்டும் உண்டு. 1882 ஆகஸ்டில் ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் அதிபரே அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார். சாவதற்கு முன் தன் தாள்களையெல்லாம் எரிக்கச் சொன்ன ஆர்தர், இந்தக் கடிதங்களை மட்டும் எப்படியோ காப்பாற்றி வைத்திருந்தார்.

இந்தக் கடிதங்களால்தான் அவர் மாறினார் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஆனால் ஒன்று நடந்தது: பதவியேற்றதும் காங்க்லிங் வந்து, ராபர்ட்சனைத் தூக்கிவிட்டு நம் ஆளைப் போடு என்றபோது, ஆர்தர் மறுத்துவிட்டார். அந்தச் சண்டையில் ஒரு அதிபர் செத்திருக்கிறார்; அதே நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சண்டையை முடித்துவைப்பது அவருக்கே அசிங்கமாகப் பட்டிருக்கும். 1882இல் காங்க்லிங்குக்கு உச்ச நீதிமன்ற நீதிபதி பதவி கொடுத்துப் பார்த்தார். செனட் ஒப்புதல் தந்த பிறகும் காங்க்லிங் வேண்டாம் என்றுவிட்டார். பல ஆண்டு நெருக்கம் அதோடு கசந்தது.

சரி, சட்டத்துக்கு வருவோம். வரைந்தவர் டார்மன் ஈட்டன் என்ற வழக்கறிஞர். ஹேய்ஸ் காலத்தில் பிரிட்டனின் அரசுப் பணி முறையை ஆராய்ந்து 1880இல் புத்தகமாக வெளியிட்டவர். பிரிட்டனில் திறந்த போட்டித் தேர்வு முதலில் அமலானது உள்ளூர் வேலைகளுக்கு அல்ல. 1855இல் இந்தியாவை ஆள அனுப்பும் அதிகாரிகளுக்குத்தான். நம்மை ஆளச் செய்த ஏற்பாடு லண்டன் வழியாகச் சுற்றி வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். மசோதாவைக் கொண்டுவந்தவர் ஒஹையோ செனட்டர் ஜார்ஜ் பெண்டில்டன். அவர் ஜனநாயகக் கட்சி.

1881 டிசம்பர் உரையில் ஆர்தர் இதை முழு மனதோடு ஆதரிக்கவில்லை. பரீட்சையில் மார்க் வாங்குகிறவர்தான் நல்ல அலுவலர் என்று எப்படிச் சொல்வது, அனுபவத்துக்கு என்ன மதிப்பு என்று தயங்கினார்; நாடாளுமன்றம் நிறைவேற்றினால் தடுக்க மாட்டேன் என்றார். அதுமட்டுமா, 1882 தேர்தலுக்கு அரசு ஊழியர்களிடம் சம்பளத்தில் இரண்டு விழுக்காடு கேட்டுக் குடியரசுக் கட்சிக் குழுத் தலைவர் ஜே ஹப்பல் சுற்றறிக்கை அனுப்பினார். ஆர்தர் அதை நிறுத்தவில்லை. மனம் திருந்திய கதை சொல்கிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போவார்கள்.

1882 நவம்பரில் மக்கள் பதில் சொன்னார்கள். கீழவை ஜனநாயகக் கட்சி கைக்குப் போனது. நியூயார்க் ஆளுநர் தேர்தலில் ஆர்தரின் நிதியமைச்சர் ஃபோல்கர், ஜனநாயகக் கட்சியின் குரோவர் கிளீவ்லாந்திடம் ஏறத்தாழ இரண்டு லட்சம் வாக்கு வித்தியாசத்தில் மண்ணைக் கவ்வினார். பழைய நாடாளுமன்றத்துக்கோ 1883 மார்ச் வரை ஆயுள் இருந்தது. குடியரசுக் கட்சியினர் கணக்குப் போட்டார்கள்: 1884இல் அதிபர் பதவியும் போகலாம், போனால் நம் ஆட்கள் எல்லாரும் வீதிக்கு வருவார்கள், இப்போதே சட்டம் போட்டால் உள்ளே இருக்கிறவர்களுக்குப் பாதுகாப்பு. அதுவரை இழுத்தடித்தவர்கள் அவசர அவசரமாக வாக்களித்தார்கள். செனட்டில் 38க்கு 5. கீழவையில் 155க்கு 47. பலர் வாக்களிக்காமல் நழுவிக்கொண்டார்கள். இந்த முறை ஆர்தர் தெளிவாகவே ஆதரித்தார். 1883 ஜனவரி 16 அன்று கையெழுத்திட்டார்.

சட்டம் சொன்னது: குறிப்பிட்ட பதவிகளுக்குப் போட்டித் தேர்வு, ஆறு மாதம் தகுதிகாண் பருவம், கட்சி நிதி கட்டவில்லை என்பதற்காக யாரையும் நீக்கக் கூடாது, ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு மேல் வேலை கிடையாது, ஓயாமல் குடிப்பவருக்கு வேலை இல்லை. ஆரம்பத்தில் இது பொருந்தியது பத்தில் ஒரு பங்கு வேலைகளுக்குத்தான்: வாஷிங்டன் அலுவலகங்கள், 50 பேரோ அதற்கு மேலோ உள்ள தபால் நிலையங்கள், சுங்க அலுவலகங்கள். ஆர்தரின் பழைய கோட்டையும் அதில் அடக்கம். இதை விரிவாக்கும் அதிகாரம் அதிபர் கையில்.

ஆர்தருக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது இங்கேதான். சட்டத்தை நடத்த மூன்று பேர் கொண்ட ஆணையம் வேண்டும். அவர்களை நியமிப்பது அதிபர். மூன்று கட்சிக்காரர்களைப் போட்டிருந்தால் சட்டம் காகிதத்தோடு நின்றிருக்கும். பலரும் அதையே எதிர்பார்த்தார்கள். ஆர்தர் ஆணையத் தலைவராகப் போட்டது டார்மன் ஈட்டனையே. விதிகளை வகுக்கவும் தேர்வு நடத்தவும் அவர்களுக்கு இடைஞ்சல் செய்யவில்லை. ஆணையமே அவரது ஒத்துழைப்பைப் பாராட்டியது. விரும்பாதபோதும் சட்டத்தை நாணயமாக அமல்படுத்துவது, மேடையில் சீர்திருத்தம் பேசுவதைவிட அரிது.

அவர் ஆட்சியின் மற்ற பகுதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தபால் ஒப்பந்த ஊழலில் சொந்தக் கட்சிப் பெரும்புள்ளியான ஸ்டீபன் டார்சி மீதே வழக்கு நடக்கவிட்டார். 1880 தேர்தல் வெற்றிக்காக டார்சிக்கு நடந்த விருந்தில் சிரிக்கச் சிரிக்கப் பேசியவர் இதே ஆர்தர். வழக்கில் எல்லாரும் தப்பித்தார்கள் என்பது வேறு விஷயம். எம்.பி.க்கள் தங்கள் தொகுதிகளுக்குப் பணத்தை வாரி இறைத்த துறைமுக, நதி மசோதாவை 1882இல் தள்ளுபடி செய்தார். நாடாளுமன்றம் மறுநாளே அதை மீறி நிறைவேற்றியது. மரக் கப்பல்களோடு துருப்பிடித்துக் கிடந்த கடற்படைக்கு முதல் எஃகுக் கப்பல்களைக் கட்டவைத்தார்.

கறையும் உண்டு. சீனத் தொழிலாளர்கள் 20 ஆண்டுக்கு வரக் கூடாது என்ற மசோதாவை, சீனாவுடனான ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று 1882 ஏப்ரலில் திருப்பி அனுப்பினார். அதையே 10 ஆண்டாகக் குறைத்து அனுப்பியதும் மே மாதம் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தத் தடை நீட்டிக்கப்பட்டு நீட்டிக்கப்பட்டு 1943 வரை நீடித்தது. 1883இல் உச்ச நீதிமன்றம் கறுப்பினத்தாருக்குச் சம உரிமை தந்த 1875 சட்டத்தைச் செல்லாது என்றபோது, புதுச் சட்டம் வந்தால் ஆதரிப்பேன் என்றதோடு சரி. எலிசபெத் ஜென்னிங்ஸுக்காக வாதாடியவரிடம் இன்னும் எதிர்பார்க்கலாம்.

1882லேயே அவருக்குத் தீராத சிறுநீரக நோய் இருப்பது தெரிந்துவிட்டது. வெளியே சொல்லவில்லை. 1884 மாநாட்டில் பெயரை மட்டும் விட்டுவைத்தார், ஓடியாடி ஆதரவு தேடவில்லை; வாய்ப்பு ஜேம்ஸ் பிளேனுக்குப் போனது. 1886 நவம்பர் 18 அன்று 57 வயதில் நியூயார்க் வீட்டில் இறந்தார். மசோதாவுக்குப் பெயர் தந்த பெண்டில்டனுக்கு வேறு தண்டனை: வேலை கிடைக்காத கட்சிக்காரர்கள் கொதித்து, ஒஹையோ ஜனநாயகக் கட்சி அவருக்குச் செனட் பதவியை மறுபடி தரவில்லை.

சட்டம் வளர்ந்த விதம் வேடிக்கையானது. பதவி முடியும் ஒவ்வொரு அதிபரும், தான் நியமித்தவர்களை அடுத்தவர் நீக்காதபடி, அந்தப் பதவிகளைத் தேர்வு வரம்புக்குள் தள்ளிவிட்டுப் போனார். இரண்டு கட்சியும் மாறி மாறி ஆண்டதால் அந்தச் சுயநலமே சட்டத்தை விரித்தது. 1900 வாக்கில் பத்தில் நான்கு வேலைகளுக்கு மேல் அதற்குள் வந்துவிட்டன. 1889 முதல் 1895 வரை ஆணையத்தில் இருந்து அதற்குப் பல் முளைக்க வைத்தவர் இளைய தியடோர் ரூஸ்வெல்ட், ஆர்தரின் நாற்காலிக்கு ஹேய்ஸ் முன்மொழிந்தவரின் மகன். இன்னொரு விளைவை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஊழியர் சம்பளத்திலிருந்து வந்த பணம் நின்றதும் கட்சிகள் பெரிய நிறுவனங்களை நாடின. 1896இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் மெக்கின்லிக்காக அவரது தேர்தல் பொறுப்பாளர் மார்க் ஹன்னா திரட்டிய நிதி அதற்கு நல்ல உதாரணம்.

இந்த விவகாரம் இன்னும் ஓயவில்லை. 2020 அக்டோபரில் அதிபர் டிரம்ப், கொள்கை சார்ந்த பதவிகளில் உள்ள ஊழியர்களை எளிதாக நீக்க வழிசெய்யும் புதிய பிரிவு ஒன்றை உத்தரவு மூலம் உருவாக்கினார். 2021இல் பைடன் அதை ரத்து செய்தார். 2025 ஜனவரியில் டிரம்ப் மறுபடி கொண்டுவந்தார். அதிகாரிகள் மக்கள் தேர்ந்தெடுத்த அதிபருக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது ஒரு பக்கத்து வாதம். வேலை கட்சிக்காரனுக்குப் போய்விடும் என்பது மறுபக்கத்து வாதம். 1882இல் செனட்டில் பேசியதும் ஏறத்தாழ இவையேதான்.